வளைவில் வண்டி பிடித்து நிற்க: சஸ்பென்ஷன் மேம்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கமாகச் சரிகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. கீழே இறங்கி நெடுஞ்சாலையைப் பிடித்து லேன் மாற்றினால், பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து அசைந்து அடங்குகிறது. இந்தக் குறைகளோடு கார் ஆக்சசரி கடைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் லோயரிங் ஸ்பிரிங்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வண்டி 30, 40 மில்லிமீட்டர் இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். வளைவில் முன்னைவிட நன்றாகப் போகுமா என்றால், பல வண்டிகளில் போகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சாலைகளில் தினமும் ஓடும் காருக்கு நல்ல கையாளுமை வேண்டுமென்றால் தேய்ந்ததை மாற்ற வேண்டும், அப்புறம் டயர், அப்புறம் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் அதற்குப் பிறகுதான் வரும். ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும், வண்டியும் சரியாகாது. ஒவ்வொரு படிக்கும் இடையில் சில வாரம் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுக்கு மாருதி சுஸுகி ஸ்விஃப்ட்டை வைத்துக்கொள்வோம். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்), இழுவை முன்சக்கரங்களில். பலேனோ, ஐ20, போலோ என நம் தெருக்களில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்புதான். அதனால் கீழே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

சாய்வு வேறு, பிடிப்பு வேறு

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். வண்டி சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சாய்வை நிறுத்திவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் வளைவில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது டயர். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதை வண்டியின் எடை, எடை மையம் இருக்கும் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், வளைவில் உண்டாகும் விசை ஆகியவை தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் கடினம் ஏறக்குறைய வருவதே இல்லை.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ, சக்கர அகலம் ஒன்றரை மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசையில் திரும்பினால் சுமார் 183 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. இதே வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அது 173 கிலோ ஆகும். அவ்வளவு செலவு செய்து, தரை இடைவெளியையும் இழந்து, கிடைத்தது 10 கிலோ.

அப்படியானால் கடினமான ஸ்பிரிங், தடித்த ஆன்டி ரோல் பார் எல்லாம் எதற்கு? இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி சீக்கிரம் ஒரு நிலைக்கு வந்து நிற்கும், அதனால் ஓட்டுபவருக்கு நம்பிக்கை வரும். இன்னொன்று, மாறும் எடையில் எவ்வளவு முன்னச்சுக்கு, எவ்வளவு பின்னச்சுக்கு என்ற பங்கை மாற்றலாம். டயரின் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாது, அதற்குக் குறைவாகவே கூடும். எனவே எந்த அச்சு எடை மாற்றத்தில் அதிகப் பங்கை ஏற்கிறதோ அந்த அச்சின் பிடிப்பு குறைகிறது. முன்பக்கம் கனமான இந்தச் சின்ன கார்களில் முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்து வண்டி வெளியே தள்ளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பாகத்தை எதற்கு மாற்றுகிறோம் என்பது தெளிவாகிவிடும்.

முதல் படி: தேய்ந்ததைக் கண்டுபிடியுங்கள்

ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டி உடலோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) வெடித்திருக்கும், ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (ஆன்டி ரோல் பாரை இணைக்கும் சிறு கம்பி) ஆட்டம் கண்டிருக்கும், ஸ்டிரட் மவுண்ட் (ஸ்டிரட்டின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் பாகம்) ரப்பர் அமுங்கியிருக்கும். இவற்றை அப்படியே விட்டுவிட்டு விலையுயர்ந்த ஷாக் போடுவதில் பயனில்லை. புஷ் தளர்ந்திருந்தால் பிரேக் போடும்போதும் திருப்பும்போதும் சக்கரம் தன் கோணத்தை மாற்றிக்கொள்கிறது. அதை எந்த ஷாக்கும் சரிசெய்யாது.

வண்டியை லிஃப்டில் ஏற்றி நீங்களும் கூட நின்று பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் தெரிந்தால் டை ராடு எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக். லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெதுவாக நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்துவிடும். சின்ன வேகத்தடையில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் முதலில் லிங்க் ராடைச் சந்தேகப்படுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விட்டு விட்டுத் திரும்பி 'டங்' என்றால் ஸ்டிரட் மவுண்ட் பேரிங் போயிருக்கலாம்.

ஷாக்கைப் பார்ப்பதற்குப் பானட்டை அமுக்கி விடுவது எல்லோரும் செய்யும் சோதனை. முழுவதும் போன ஷாக்கைத்தான் அது காட்டும், பாதி போனதைக் காட்டாது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்த ஈரம் இருக்கிறதா, அதில் தூசி ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சாலையில் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று பொருள்.

புஷ்களை மாற்றும்போது பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வார்கள். தெரு வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் அதிர்வு உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். நிறுவனத்தின் புது ரப்பர் புஷ்ஷே பழைய வண்டியை எவ்வளவு இறுக்கமாக்குகிறது என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவீர்கள். இந்தப் படியோடு திருப்தியாகி நிறுத்திக்கொள்பவர்கள் பலர், அது நல்ல முடிவுதான்.

இரண்டாம் படி: டயரும் காற்றும்

சஸ்பென்ஷன் கட்டுரையில் டயருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மற்ற எல்லாப் பாகங்களும் செய்வது டயரைத் தரையோடு ஒட்ட வைக்கும் வேலையைத்தான். அந்த டயர் வாகாக இல்லையென்றால் மேலே எதைப் போட்டாலும் வீண்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதி இருக்கும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம். ட்ரெட் (டயரின் மேல் பள்ள வரிகள்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழையில் அதற்கு வெகு முன்னரே பிடிப்பு குறைந்துவிடும் என்பதால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் திட்டமிடுங்கள். ட்ரெட் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன ஆறு ஏழு வருட டயரை வைத்துக்கொண்டு கையாளுமையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

அளவு மாற்றுவதாக இருந்தால் வெளிவட்ட விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்களில் வந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், மேல் வேரியன்ட்களின் 185/65 ஆர்15 சுமார் 621. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள சுவர் முதலாவதில் 132 மில்லிமீட்டர் உயரம், இரண்டாவதில் 120. சுவர் உயரம் குறைந்து அகலம் கூடினால் ஸ்டியரிங்குக்கு வண்டி உடனே பதில் சொல்லும். கீழ் வேரியன்ட் வைத்திருப்பவருக்கு, அதே காரின் மேல் வேரியன்ட் ரிம்மையும் டயரையும் போடுவதைவிடப் பயனுள்ள மேம்பாடு வேறில்லை. 195/60 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 615 மில்லிமீட்டர், ஒரு சதவீதம் குறைவு, பாதகமில்லை. 16 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். சுவர் குறுகிய டயர் பள்ளத்தில் அடிபட்டால் ரிம் வளையும், சுவர் வீங்கும். பெரிய ரிம் கனமாகவும் இருக்கும். சக்கரத்தின் எடை கூடினால் ஷாக்குக்கு வேலை அதிகம், மோசமான சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும்புவதும் அதிகம். டயரில் எழுதியிருக்கும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது.

காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். முன்டயரில் மட்டும் 2 பி.எஸ்.ஐ. கூட்டிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் உணர்வு மாறுவது தெரியும். செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான், அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

மூன்றாம் படி: ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங்கின் வேலை வண்டியைத் தாங்குவது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எம்பும். அந்த எம்பலை அடக்குவது ஷாக். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு வால்வுகள் வழியே தள்ளுகிறது, அசைவின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறுகிறது. வண்டியை நிதானமாக வைத்திருப்பது ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் லேன் மாற்றும்போது பின்பக்கம் அலையாமல் இருப்பதும், வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் வண்டி தடம் மாறாமல் இருப்பதும் ஷாக்கின் கைங்கரியம். அதனால்தான் ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக் மட்டும் போட்ட வண்டி, லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்ட வண்டியைவிட மோசமான சாலையில் வேகமாகவும் பாதுகாப்பாகவும் போகும்.

ஷாக்கில் இரண்டு வகை. ட்வின் ட்யூப் என்பது குழாய்க்குள் குழாய். நம் கார்களில் நிறுவனமே போட்டுத் தருவது பெரும்பாலும் இதுதான். மோனோ ட்யூபில் ஒரே குழாய், அடியில் உயர் அழுத்த நைட்ரஜன். தொடர்ந்து வேலை கொடுக்கும்போது ட்வின் ட்யூபில் எண்ணெயோடு வாயு கலந்து நுரைத்து அடக்கும் திறன் குறையலாம், கொல்லிமலையின் 70 வளைவுகளை ஒரே மூச்சில் இறங்கும்போது தேய்ந்த ஷாக் தளர்ந்துபோவது போல. மோனோ ட்யூபில் வாயுவும் எண்ணெயும் தனித்தனி அறையில் இருப்பதால் நுரைப்பதில்லை, சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் குழாயில் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும், விலையும் கூடுதல்.

வாங்கும்போது பெயர்களில் குழம்பாதீர்கள். பில்ஸ்டைன் பி4 என்பது நிறுவன ஷாக்குக்கு மாற்று. பி6 அதே உயரத்துக்கு, கூடுதல் இறுக்கத்தோடு. பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்காகக் குட்டையாக்கப்பட்டது. உயரத்தை மாற்றாதவர் பி8 வாங்கினால் அது தவறான பொருள். கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் வகையில் சின்னச் சின்ன அதிர்வுகளுக்குத் தனியாக வழிவிடும் வால்வு இருக்கிறது, அதனால் நம் சாலைக்கு நன்றாக ஒத்துப்போகும் வடிவமைப்பு அது. இவை இங்கே விற்கும் எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் கேப்ரியல், கேஒய்பி, மன்ரோ போன்றவற்றின் வாயு நிரப்பிய ஷாக், அல்லது வண்டி நிறுவனத்தின் ஒரிஜினல். புது ஒரிஜினல் ஷாக்கைக் குறைவாக நினைக்க வேண்டாம். 60,000 கிலோமீட்டர் ஓடிய பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டால் வண்டி ஆளே மாறிப்போகும்.

ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூடவே ஸ்டிரட் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்), தூசு உறை ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். திரும்ப எல்லாவற்றையும் கழற்றும் கூலியைவிட அந்தப் பாகங்களின் விலை குறைவு.

உயரத்தை நாமே மாற்றிக்கொள்ளும் காயில் ஓவர் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுபவருக்கு அது கருவி. அலுவலகத்துக்கும் கடைக்கும் போகும் வண்டிக்குத் தேவையில்லை. விலை குறைந்த காயில் ஓவர்களில் ஸ்பிரிங் மிகக் கடினமாகவும் ஷாக் சுமாராகவும் இருக்கும், மழையிலும் சேற்றிலும் மரை துருப்பிடித்து ஒரே வருடத்தில் திருக முடியாமல் போகும்.

நான்காம் படி: ஸ்பிரிங், நிதானமாக

ஷாக் மாற்றிச் சில வாரம் ஓட்டிய பிறகும் சாய்வு அதிகம் என்று தோன்றினால் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம். நிறுவன ஸ்பிரிங்கைவிட 20 முதல் 25 சதவீதம் கடினம், 15 முதல் 25 மில்லிமீட்டர் இறக்கம். இதற்கு மேல் போகாதீர்கள்.

ஏன் என்பதற்கு எண் இருக்கிறது. சாதாரணக் கார் தன் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை எழும்பித் தாழும். இந்த வேகம் ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தில் கூடும். 25 சதவீதம் கடினமாக்கினால் சுமார் 12 சதவீதம் கூடும். நொடிக்கு இரண்டை நெருங்கும்போது பின்சீட்டில் இருக்கும் அப்பா அம்மா முனக ஆரம்பிப்பார்கள். அதைவிட முக்கியம், பெயர்ந்து கிடக்கும் சாலையில் சக்கரம் மேட்டைத் தொடர முடியாமல் துள்ளும், பிடிப்பு குறையும். கடினமான வண்டி நல்ல சாலையில் மட்டும்தான் நன்றாக ஓடும்.

இறக்கத்தில் இன்னொரு சிக்கல், மெக்ஃபர்சன் அமைப்புக்கே உரியது. நிறுவன உயரத்தில் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மட்டமாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்கும். வண்டியை நிறைய இறக்கினால் அது மேல்நோக்கிச் சாயும். அப்போது முன்னச்சின் உருள் மையம் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. வண்டி இறங்கியும் சாய்வு குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். சாயும்போது சக்கரத்தின் கேம்பர் கோணமும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சாதகமாக மாறாமல் போகிறது, மேடு ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பவும் செய்யலாம்.

தரை இடைவெளியும் இருக்கிறது. 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 163 மில்லிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் எத்தனை அப்படி இருக்கின்றன என்பது ஓட்டுபவர் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேரும் சாமானும் ஏறினால் வண்டி இன்னும் தாழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, சூடாக்கி அமுக்குவது இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவி வெளியே வரலாம். சூடாக்கினால் எஃகின் பதம் போய்விடும், எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகுவதும் வேண்டாம். அந்த இடத்தில் சுருள் வேலை செய்யாமல் நின்று பாரம் மற்றச் சுருள்களுக்குப் போகிறது. ஸ்பிரிங் கடினமானாலும் ஷாக் பழையபடியே இருப்பதால் வண்டி குதிக்கவும் செய்யும்.

ஐந்தாம் படி: பின் ஆன்டி ரோல் பார்

முன்பக்கம் வெளியே தள்ளுவதுதான் உங்கள் குறை என்றால் இந்தப் பாகம் நேரடியாக வேலை செய்யும். பின்னச்சு கடினமாகும்போது எடை மாற்றத்தில் அதிகப் பங்கைப் பின்பக்கம் ஏற்கிறது, வெளிப்பக்க முன்டயருக்குப் பாரம் குறைந்து வண்டி வளைவுக்குள் திரும்புகிறது. டார்ஷன் பீம் வண்டிகளில் பீமோடு சேர்த்துப் பொருத்தும் கூடுதல் பாராக வரும்.

திட உலோகப் பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மில்லிமீட்டரை 22 ஆக்கினால் 46 சதவீதம் அதிகம். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். முன்பாரைத் தடிப்பாக்கினால் சாய்வு குறையும், ஆனால் வெளியே தள்ளுவது கூடும், அதனால் அதைத் தொடாதீர்கள். பின்பாரில் அளவு மீறினால் ஈரச் சாலையில், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுக்கும்போது பின்பக்கம் சுழன்று வெளியே வரும். புதிதாக ஓட்டுபவரால் அதைச் சமாளிக்க முடியாது. இருப்பதில் மெல்லிய பாரை எடுங்கள், பின்டயர்கள் எப்போதும் நல்ல நிலையில் இருக்கட்டும், இஎஸ்சி (வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் போட்டு அடக்கும் மின்னணு அமைப்பு) இருக்கும் வண்டியில் அதை அணைக்காதீர்கள்.

ஸ்டிரட் பார் என்று பானட்டுக்குள் குறுக்கே போடும் கம்பி பளபளப்பாக இருக்கும். இன்றைய கார் உடல்களின் உறுதிக்கு அது தெருவில் எதையும் பெரிதாக மாற்றுவதில்லை. அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

பொருத்தும்போது

தொடங்கும் முன், ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். பிறகு இடதும் வலதும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இதுதான் ஆதாரம்.

ஸ்டிரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது உயிரோடு விளையாடும் வேலை. அமுங்கிய ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரஸரால் பிடித்து, மவுண்டிலிருந்து பாரம் முழுதும் விலகிய பிறகுதான் மேல் நட்டைத் தளர்த்த வேண்டும். அந்தக் கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் ஸ்டிரட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அடியில் போவதாக இருந்தால் ஜாக் ஸ்டாண்டு கட்டாயம்.

மெக்கானிக்கிடம் விட்டாலும் கூட நின்று சில விஷயங்களைக் கேளுங்கள். புது ட்வின் ட்யூப் ஷாக்கைப் பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதாக இழுத்து அமுக்க வேண்டும், உள்ளே சேர்ந்த காற்று போகும். ராடு சுழலாமல் இருக்க அதைக் கட்டிங் பிளையரால் பிடிக்கக் கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியும். மேல் நட்டை ஏர் கன்னால் முடுக்குவதும் ராடைச் சுழற்றிக் கெடுக்கும். ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக முட்டி நிற்க வேண்டும். பிரேக் ஹோசும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்டிரட்டில் இருக்கும் பிடிப்பில் திரும்ப மாட்டப்பட வேண்டும். பின் பீமைக் கீழே இறக்கும்போது அது பிரேக் ஹோசில் தொங்கக் கூடாது.

பலரும் தவறவிடும் ஒன்று, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முடுக்கு முடுக்கக் கூடாது. லோயர் ஆர்ம் போல்ட்டும் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டும் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முடுக்கு என்பது வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. டார்க் ரெஞ்சு வைத்து அந்த அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட்டும் அதற்குப் பின்னும்

வேலை முடிந்ததும் ஒரு அலைன்மென்ட், புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்த பிறகு இன்னொரு அலைன்மென்ட். போகும் முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். கம்ப்யூட்டர் அளவுகளை அச்செடுத்து வாங்குங்கள், 'ஓகே சார்' என்பதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இந்த வகைக் கார்களில் வழக்கமாக மாற்ற முடிவது முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். தெருவுக்குப் பூஜ்யம் அல்லது மிகச் சிறிய உள்நோக்கிய டோ போதும். முன் கேம்பர் கழித்தல் ஒரு டிகிரி அருகில், இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பின் பீமின் எண்களையும் பாருங்கள். அதைச் சரிசெய்ய முடியாது, ஆனால் பீம் வளைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பிரிங், பார் எதைப் போடுவதற்கு முன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரன்ட்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு உங்களுக்குப் பழகிய, கூட்டமில்லாத ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், வேக வரம்புக்குள் ஓட்டுங்கள். ஸ்டியரிங் திருப்பியதும் முன்பக்கம் எப்போது பதில் சொல்கிறது, வளைவு முடிந்து நேராகும்போது வண்டி எத்தனை முறை ஆடி அடங்குகிறது, மேட்டில் பம்ப் ஸ்டாப்பில் அடிக்கிறதா என்று கவனித்து அன்றே எழுதி வையுங்கள். ஒரு முறை தனியாக, ஒரு முறை நான்கு பேரோடு.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் ஸ்டிரட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள். முழுதாக ஸ்டியரிங் ஒடித்து, வண்டியில் ஆள் ஏற்றி, டயர் உள் லைனரில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் லைனரில் கறுப்புத் தேய்மானம் தெரியும். உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட் சாய்வும் மாறியிருக்கும், சுவரின் முன் நிறுத்தித் திருகாணியால் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வண்டியை லிஃப்டில் ஏற்றி ஷாக்கின் தூசு உறை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த உறைக்குள் போகும் மணல்தான் புது ஷாக்கின் சீலை முதலில் தின்னும்.